அப்பா அம்மாவோட கனடா விசிட்டர் விசாவுக்கு தமிழ் பேப்பர்களை மொழிபெயர்க்கிறது: எதை, யாரு, எப்படி

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். அவரு டொரன்டோ பக்கம் வேலைல இருக்காரு, மனைவிக்கு பிரசவ நேரம் வருது, ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவ விசிட்டர் விசால கூப்பிடணும். அப்பா விவசாயி, தென்காசி பக்கம் கிராமம். கையில இருக்கிற பேப்பர் முக்காவாசி தமிழ்ல இருக்கு, பட்டா, கிரயப் பத்திரம், ரேஷன் கார்டு, கூட்டுறவு சொசைட்டி பாஸ்புக், வீட்டு வரி ரசீது. எல்லாத்தையும் மொழிபெயர்க்கணுமா, எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும் நானே பண்ணிடலாமா, நோட்டரி சீல் இருந்தா போதுமா, ஸ்கார்பரோல இருக்கிற யாழ்ப்பாண நண்பர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்டதான் போகணும்னு சொல்றாரே அவங்க தமிழ்நாட்டுல எங்க இருக்காங்க, மெஷின் மொழிபெயர்ப்பு ஆகுமா, இப்படி அஞ்சு கேள்வி.

நான் இந்த மொழிபெயர்ப்பு வேலைய ரொம்ப வருஷமா பண்றவன், அதுலயும் நிலப் பேப்பர்தான் எங்கிட்ட அதிகம் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த "நானே பண்ணிடலாமா". கூடாது. கனடா குடிவரவுத் துறை இதை எழுத்துலயே வெச்சிருக்கு. விண்ணப்பிக்கிறவரு பண்ணக் கூடாது, அவரோட அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பிள்ளைங்க, மாமா, அத்தை, சித்தப்பா, அண்ணன் தம்பி பிள்ளைங்க, ஒண்ணுவிட்ட அண்ணன் தங்கச்சி வரைக்கும் யாரும் பண்ணக் கூடாது. நீங்க மகன், அந்த லிஸ்ட்ல இருக்கீங்க. நீங்க சென்னைல இங்கிலீஷ் எம்.ஏ படிச்சிருந்தாலும் சரி, டொரன்டோல வக்கீலா இருந்தாலும் சரி, உங்க கையெழுத்து அந்தப் பேப்பர்ல செல்லாது. சில பேர் "மருமக பேரு லிஸ்ட்ல இல்லையே"ன்னு ஓட்டை தேடுவாங்க, அந்த விளையாட்டே வேண்டாம், சொந்தம்னு சொல்லிக்கிற யாரும் வேண்டாம். விசா ஃபைல் போட்டுக் கொடுக்கிற கன்சல்டன்டும் மொழிபெயர்க்கக் கூடாது, இது நிறைய பேருக்குத் தெரியாது, ஏஜென்ட் ஆபீஸ்லயே "நாங்களே டிரான்ஸ்லேட் பண்ணி சீல் போட்டுத் தர்றோம்"னு ஒரு பேக்கேஜ் வெச்சிருப்பாங்க, அதுல மாட்டிக்காதீங்க.

அப்ப யாரு பண்ணலாம்? ரெண்டு வழி. ஒண்ணு, கனடாவுல மாகாண அளவுல மொழிபெயர்ப்பாளர் சங்கம் இருக்கு, அதுல சான்று வாங்கின உறுப்பினரா இருந்தா அவங்க முத்திரைல உறுப்பினர் எண் இருக்கும், அது போதும், வேற அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், எதுவும் தேவையில்ல. ஒன்டாரியோல இருக்கிறதால உங்களுக்கு இது எட்டுற தூரம்தான், தமிழ் பண்றவங்க அங்க இருக்காங்க, ஆனா ஊர்ல ஆகுற செலவ விட அதிகமாகும். ரெண்டாவது வழி, ஊர்லயே ரெண்டு மொழியும் நல்லா தெரிஞ்ச, உங்களுக்குச் சொந்தமில்லாத ஒருத்தர் பண்ணிட்டு, "இது மூலத்தோட உண்மையான மொழிபெயர்ப்பு, எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்"னு ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரி முன்னாடி உறுதிமொழி எடுத்து கையெழுத்துப் போடணும். ரிட்டயர்ட் இங்கிலீஷ் வாத்தியார் பண்ணலாம், வக்கீல் பண்ணலாம், என்ன மாதிரி தொழிலா செய்றவங்க பண்ணலாம்.

இங்கதான் நோட்டரி குழப்பம். நம்ம ஊர்ல "நோட்டரி பண்ணியாச்சா"ன்னு கேட்டா, பேப்பர்ல சிவப்பு ஸ்டிக்கரும் ரவுண்டு சீலும் இருந்தா ஆச்சுன்னு அர்த்தம். 1952 நோட்டரி சட்டத்துல மொழிபெயர்க்கிறதும், மொழிபெயர்ப்ப சரிபார்க்கிறதும் நோட்டரியோட வேலைகள்ல ஒண்ணாவே இருக்கு, ஆனா கோர்ட் வாசல்ல நிக்கிற கூட்டத்துல ஒவ்வொரு வரியும் ஒத்துப் பார்க்க அவருக்கு நேரம் ஏது. அவர் பார்க்கிறது முன்னாடி நிக்கிற ஆளு யாரு, கையெழுத்து போட்டாரா, அவ்வளவுதான். அதனால சீல் இருக்கு, மொழிபெயர்த்தவர் பேரே இல்ல, அப்படி வர்ற பேப்பர் கனடாவுக்குப் பாதிப் பேப்பர். மொழிபெயர்த்தவரோட முழுப் பேர், முகவரி, போன், கையெழுத்து, தேதி, அஃபிடவிட், இது அத்தனையும் இருக்கணும், நோட்டரி சீல் அந்த அஃபிடவிட்டுக்கு மேல வர்ற ஒரு சாட்சி மட்டும்தான். வெத்துத் தாள்ல முன்கூட்டியே நோட்டரி சீல் அடிச்சு வெச்சிருக்கிற கடைங்களையும் நான் பார்த்திருக்கேன், அங்கேர்ந்து திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

உங்க யாழ்ப்பாண நண்பர் சொன்னதும் தப்பில்ல, அவரு ஊருக்கு அது சரி. இலங்கைல சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்னு அரசாங்கம் நியமிச்ச ஆளுங்க இருக்காங்க, பிறப்புச் சான்று சிங்களத்துலயோ தமிழ்லயோ இருந்தா அவங்ககிட்ட கொடுத்து சீல் வாங்கித்தான் அங்க எல்லாரும் பழக்கம். இந்தியாவுல அந்த மாதிரி நாடு முழுக்க ஒரு பதவி கிடையாது. அதனாலதான் இங்க அஃபிடவிட் வழி. "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு டிரான்ஸ்லேட்டர்"னு போர்டு போட்டிருந்தா எந்த கவர்ன்மென்ட், என்ன ஆர்டர்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அப்புறம் அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டுப் பேப்பர் இன்னொரு நாட்டுல செல்றதுக்கு அரசாங்கம் ஒட்டித் தர்ற சான்று, வேணுமான்னு இன்னொருத்தர் பயமுறுத்துவாரு, அதுக்கான சர்வதேச ஒப்பந்தத்துல இந்தியா 2005-ல சேர்ந்துச்சு, படிப்பு, கல்யாணம், வேலை மாதிரி விஷயத்துக்கு அது தேவைப்படலாம், பேரன் முகம் பார்க்கப் போற விசிட்டர் விசாவுக்கு பட்டாவுல அப்போஸ்டில் கேட்டு நான் பார்த்ததில்ல.

சரி, எதை மொழிபெயர்க்கணும். இதுலதான் எல்லாரும் காசையும் நேரத்தையும் விடுறாங்க. பீரோல இருக்கிற பேப்பர் அத்தனையும் அள்ளிட்டு வந்து "எல்லாம் போடுங்க சார், நிறைய இருந்தா நல்லதுதானே"ன்னு உக்காருவாங்க. நிறைய இருந்தா நல்லதில்ல. ஆபீசர் மனசுல ஓடுற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், இவங்க ரெண்டு பேரும் சொன்ன நாளுக்குள்ள திரும்பிப் போயிடுவாங்களா. கனடா குடிவரவு விதிகள்ல 179-ன்னு ஒரு விதி, தங்க அனுமதிச்ச காலம் முடியறதுக்குள்ள போயிடுவாங்கன்னு ஆபீசருக்குத் திருப்தி வரணும்னு சொல்றது அதுதான், விசா மறுக்கிற கடிதங்கள்ல அடிக்கடி வர்ற எண்ணும் அதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற பேப்பர் எது, உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள உறவக் காட்டுற பேப்பர் எது, செலவுக்குக் காசு யாருதுன்னு காட்டுற பேப்பர் எது, இந்த மூணத் தாண்டி வேற எதுவும் வேண்டாம்.

இப்ப பாருங்க, இதுல பாதி ஏற்கனவே இங்கிலீஷ்லதான் இருக்கு. உறவக் காட்ட உங்க பிறப்புச் சான்ற மொழிபெயர்க்கணும்னு நினைப்பீங்க. உங்க இந்தியப் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க, அப்பா பேரு அம்மா பேரு இங்கிலீஷ்ல அச்சாகி இருக்கு. பிறப்புச் சான்றும் கூட வேணும்னா, இப்ப ஆன்லைன்ல எடுக்கிறதுல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே வருது, பழைய கையெழுத்துச் சான்ற தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆதார் ரெண்டு மொழி. பேங்க் ஸ்டேட்மென்ட், டெபாசிட் ரசீது இங்கிலீஷ். தாசில்தார் வருமானச் சான்று இ-சேவைல வாங்கினது பெரும்பாலும் ரெண்டு மொழியிலயும் இருக்கும், எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அப்ப மிச்சம் பட்டா, நிலத்துல என்ன பயிர்னு காட்டுற அடங்கல், சொசைட்டி பாஸ்புக், ரேஷன் கார்டு. வீட்டு வரி ரசீது இந்த வருஷத்தது ஒண்ணு. அவ்வளவுதான், அஞ்சாறு பக்கம்.

கிரயப் பத்திரத்த விட்டுடுங்க. பதினாலு பக்கம், ஸ்டாம்ப் பேப்பர், சார்பதிவாளர் ஆபீஸ் முத்திரை பக்கத்துக்கு ரெண்டு, "ஷை சொத்தை நாளது தேதியில் தங்களுக்குச் சுவாதீனம் செய்து கொடுத்து"ன்னு மூச்சு விடாம ஓடுற ஒரே வாக்கியம், இதையெல்லாம் மொழிபெயர்த்தா காசு எனக்குத்தான் லாபம். நிலம் இன்னைக்கு யாரு பேர்ல இருக்குன்னு பட்டா ஒரே பக்கத்துல சொல்லிடுது. ஆனா ஒண்ணு, தமிழ்லயே அப்படியே பத்திரத்த சேர்த்து விட்டுடலாம் புரிஞ்சா புரியட்டும்னு மட்டும் நினைக்காதீங்க. இங்கிலீஷ் இல்லேன்னா பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இல்லாத பேப்பர், ஆபீசர் பார்வைல இல்லாத பேப்பர். போட்டா முழுசா மொழிபெயர்த்துப் போடணும், முத்திரைல இருக்கிற எழுத்து உள்பட, இல்லேன்னா போடவே கூடாது.

பட்டாவுக்கு வர்றேன், ஏன்னா தப்பு நடக்கிறதெல்லாம் இங்கதான். அரசு இணையதளத்துல எடுக்கிற பட்டாவ முன்னாடி வெச்சுப் பாருங்க. மேல மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண். கீழ உரிமையாளர் பேரு. அதுக்குக் கீழ கட்டம், புல எண், உட்பிரிவு, அப்புறம் புன்செய், நன்செய், மற்றவைன்னு மூணு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் பரப்புன்னு ஒரு கட்டம், தீர்வைன்னு ஒரு கட்டம். பரப்புல "0 - 45.50"ன்னு இருக்குன்னு வெச்சுக்குங்க. கோட்டுக்கு முன்னாடி இருக்கிறது ஹெக்டேர், பின்னாடி இருக்கிறது ஏர். அதாவது ஹெக்டேர் பூஜ்ஜியம், 45.50 ஏர், ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2.47 சென்ட், ஆக மொத்தம் ஒரு ஏக்கர் 12 சென்ட். இதை "45.50 ஹெக்டேர்"னு டைப் பண்ணின மொழிபெயர்ப்பு எங்கிட்ட ரெண்டாவது பார்வைக்கு வந்திருக்கு. 45.50 ஹெக்டேர்னா 112 ஏக்கர். பாவம் அந்தப் பெரியவர் ஒரு ஏக்கர் வெச்சுக்கிட்டு ஜமீன்தார் ஆகிட்டாரு. சிரிக்கலாம், ஆனா அதே ஃபைல்ல பேங்க் ஸ்டேட்மென்ட் அறுபதாயிரம் ரூபா காட்டும்போது ஆபீசருக்கு என்ன தோணும்?

தீர்வைக் கட்டத்துல "1.85"ன்னு இருக்கும், ஒரு ரூபா எண்பத்தஞ்சு காசு. அது நிலத்துக்குப் போடுற பழைய வரி அசெஸ்மென்ட், நிலத்தோட மதிப்பு இல்ல. வெறுமனே "வேல்யூ"ன்னு போட்டுட்டா ஒரு ஏக்கர் நிலம் ரெண்டு ரூபா கூட இல்லைன்னு ஆகிடும். லேண்ட் ரெவென்யூ அசெஸ்மென்ட்னு எழுதணும்.

அடுத்தது சென்ட். நம்மளுக்கு சென்ட்னா நிலம், கனடாக்காரங்களுக்கு சென்ட்னா சில்லறைக் காசு. வீட்டு மனை பேப்பர்ல "5 சென்ட்"ன்னு இருந்தா அப்படியே எழுதிட்டு, அடியில மொழிபெயர்ப்பாளர் குறிப்புன்னு ஒரு வரி, ஒரு சென்ட் ஏக்கர்ல நூத்துல ஒரு பங்கு, சுமார் 40.5 சதுர மீட்டர், அப்படின்னு போடணும். மூலத்துல இல்லாத எண்ண உள்ள நுழைக்கக் கூடாது, குறிப்புல விளக்கலாம். இந்த வித்தியாசம் புரிஞ்ச ஆள்கிட்ட வேலையக் கொடுங்க.

அடங்கல்லயும் நிலவரி ரசீதுலயும் பசலிங்கிற வருவாய்க் கணக்கு வருஷம் வரும். "பசலி 1434"ன்னு இருக்கும், பழக்கமில்லாத ஆளு "இயர் 1434"ன்னு போட்டுட்டுப் போயிடுவாரு, படிக்கிற ஆபீசர் இது என்ன அறுநூறு வருஷத்துப் பழைய ரசீதான்னு முழிப்பாரு. பசலியோட 590 கூட்டினா வருஷம் வரும், நம்ம பக்கம் ஜூலை 1 தொடங்கி ஜூன் 30-ல முடியும், அதனால பசலி 1434 அப்படின்னா 2024 ஜூலைலேர்ந்து 2025 ஜூன் வரை. இதையும் அடிக்குறிப்புல ஒரு வரி. ரொம்பப் பழைய பேப்பர்னா தேதி தமிழ் வருஷம், தமிழ் மாசம்னு இருக்கும், தமிழ் எண் கூட இருக்கும், அது தனி வித்தை, உங்களுக்கு அது வேண்டியிருக்காது.

பேரு. இதுலதான் நான் அதிக நேரம் செலவு பண்றேன். பட்டாவுல "க. சண்முகம்"னு இருக்குன்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். தமிழ்ல "க" ஒண்ணுதான், இங்கிலீஷ்ல அது கே-வா ஜி-யா? அவங்க அப்பா பேரு கணபதின்னா ஜி, கந்தசாமின்னா கே. "ச"ன்னா எஸ்-ஸா சி-யா, "த"ன்னா T-யா D-யா, "ப"ன்னா P-யா B-யா. பேப்பர மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவனுக்கு இது தெரிய வழியே இல்ல. அதனால அப்பா அம்மா ரெண்டு பேரோட பாஸ்போர்ட் முதல் பக்கம் கடைசிப் பக்கம் ரெண்டையும் மொழிபெயர்ப்பாளருக்கு முதல்லயே அனுப்பிடுங்க, பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்பெல்லிங்தான் எல்லாப் பக்கத்துலயும் வரணும்னு சொல்லிடுங்க. சண்முகம்ங்கிற ஒரே பேர நாலு பேப்பர்ல நாலு விதமா ஸ்பெல் பண்ணிக் கொண்டு வந்தவங்க உண்டு, ஒவ்வொண்ணும் தனித்தனியா சரிதான், சேர்த்துப் பார்த்தா நாலு மனுஷங்க.

ஆனா ஸ்பெல்லிங் வேற, பேரே வேறங்கிறது வேற. பாஸ்போர்ட்ல "சண்முகசுந்தரம்", பட்டாவுல "சண்முகம்"னு இருந்தா, மொழிபெயர்ப்பாளர் அதை "சண்முகசுந்தரம்"னு சரி பண்ணிடக் கூடாது. பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் வரணும். ரெண்டும் ஒரே ஆளுதான்னு அப்பா தனியா ஒரு அஃபிடவிட் கொடுக்கணும். அம்மா பேர்லயும் இது வரும், ரேஷன் கார்டுல வீட்டுப் பேரு, பாஸ்போர்ட்ல சர்டிபிகேட் பேரு. இப்பவே எடுத்து ஒத்துப் பாருங்க.

முகவரியும் அப்படித்தான். நம்ம பக்கத்துல "மேலத் தெரு"ன்னா மேற்குத் தெரு, "கீழத் தெரு"ன்னா கிழக்குத் தெரு. மெஷின்ல போட்டா மாடி வீட்டுத் தெரு ரேஞ்சுக்கு மேல கீழன்னு எதையாவது கொடுத்துடும். பாஸ்போர்ட்ல வெஸ்ட் ஸ்ட்ரீட்னு இருந்து, ஆதார்ல மேலத் தெருன்னே இங்கிலீஷ் எழுத்துல இருந்து, மொழிபெயர்ப்புல அப்பர் ஸ்ட்ரீட்னு வந்தா மூணு வீடு. தெருப் பேர அர்த்தம் மாத்தாம உச்சரிப்புல எழுதி, தேவைப்பட்டா குறிப்புல வெஸ்ட் ஸ்ட்ரீட்னு போடுறதுதான் என் வழக்கம். ஊர்ப் பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே. 2020-ல தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேல ஊர்ப் பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க மாத்தி ஆர்டர் போட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கிச்சு ஞாபகம் இருக்கா, அரசாங்கத்துக்கே அந்தக் கதின்னா நம்ம எந்த மூலைக்கு.

உங்களுக்குன்னு இன்னொரு சிக்கல் இருக்கு, தென்காசி மாவட்டம் 2019-ல தான் திருநெல்வேலிலேர்ந்து பிரிஞ்சுது. பழைய ரேஷன் கார்டு, சொசைட்டி பாஸ்புக், ஏன் பாஸ்போர்ட்லயே கூட திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கலாம், புதுப் பட்டாவுல தென்காசின்னு வரும். மொழிபெயர்ப்புல கை வைக்காதீங்க, எது எப்படி இருக்கோ அப்படியே. நீங்க எழுதுற அழைப்புக் கடிதத்துல ஒரு வாக்கியம், "2019-ல மாவட்டம் பிரிச்சதால பழைய ஆவணங்கள்ல திருநெல்வேலின்னு இருக்கும், கிராமம் ஒண்ணுதான்"னு எழுதிடுங்க, முடிஞ்சுது.

சொசைட்டி பாஸ்புக்குல நகைக் கடன் பதிவு இருக்கு, அந்தப் பக்கத்த விட்டுட்டு டெபாசிட் பக்கம் மட்டும் மொழிபெயர்க்கலாமான்னு போன வாரம் கூட ஒருத்தர் கேட்டாரு. பாஸ்புக்க கொடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, பிடிக்கலேன்னா ஃபைல்லயே வைக்காதீங்க. வெச்சா முழுசா வைங்க. விவசாயி நகைக் கடன் வாங்குறதும் அறுப்பு முடிஞ்சு திருப்புறதும் ஊர் உலகத்துல நடக்கிறதுதான், அதைப் பார்த்து எவனும் விசாவ மறுக்கப் போறதில்ல, ஆனா எண் போட்ட பாஸ்புக்குல நடுப் பக்கம் காணோம்னா அது கண்ணுல படும். இதே மாதிரிதான் ஒத்திக்கு வாங்கின நிலத்த சொந்த நிலம்னு எழுதச் சொல்றது, குத்தகையக் காணாம அடிக்கிறது, கூட்டுப் பட்டாவுல நாலு பேரு இருக்கும்போது "மற்றும் மூவர்"ங்கிறத விட்டுடச் சொல்றது. எங்கிட்ட கேட்டா பண்ண மாட்டேன், பண்றவங்க இருக்காங்க. கனடா சட்டத்துல தப்பான தகவல் கொடுத்தா அஞ்சு வருஷம் தடை, விண்ணப்பிச்சது அப்பா, தடையும் அப்பாவுக்குத்தான், மொழிபெயர்த்தவனுக்கு இல்ல. ஒத்தி, போக்கியம் ரெண்டுமே அடமானத்துல வர்றது, லீஸ்னு போட்டாலும் தப்பு, ஓனர்னு போட்டாலும் தப்பு, இந்த வார்த்தைங்க உங்க பேப்பர்ல இருந்தா மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி எழுதியிருக்காருன்னு தனியா பாருங்க.

மெஷின் மொழிபெயர்ப்பு பத்தியும் கேட்டிருந்தீங்க. வரைவுக்கு யாரு எதை வேணா வெச்சுக்கட்டும், கையெழுத்துப் போடுறவரு ஒவ்வொரு எழுத்துக்கும் பொறுப்பு, அவ்வளவுதான் விஷயம். மெஷினால அஃபிடவிட்ல கையெழுத்துப் போட முடியாது. சொசைட்டி பாஸ்புக்குல செக்ரட்டரி நீல மையில கிறுக்கினத அது படிக்கவும் படிக்காது.

தாள்ல பார்க்கிறதுக்கு எப்படி இருக்கணும்னா, மூலத்துல கட்டம் இருந்தா மொழிபெயர்ப்புலயும் அதே கட்டம், அதே வரிசை, ஆபீசர் தமிழ் தெரியாமலே ரெண்டையும் பக்கத்துல வெச்சு எண்ண ஒத்துப் பார்க்க முடியணும். முத்திரை இருக்கிற இடத்துல முத்திரைன்னு எழுதி உள்ள என்ன இருக்குன்னு போடணும், கையெழுத்து இருந்தா கையெழுத்துன்னு, அழிஞ்சிருந்தா படிக்க முடியலன்னு. தேதில மாசத்த எழுத்துல போடச் சொல்லுங்க, 03/04/2024-ன்னு இருந்தா நமக்கு ஏப்ரல் 3, வட அமெரிக்காவுல மார்ச் 4-ன்னு படிக்கிறவங்க இருக்காங்க. 12,50,000-ன்னு நம்ம கமா போடுற முறையும் அவங்களுக்குப் புதுசு, மூலத்துல இருக்கிறபடி விட்டுட்டு பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்னா அவங்க கணக்குல 1.25 மில்லியன்னு குறிப்பு. ஸ்கேன் பண்ணும்போது தமிழ் மூலம், அதோட இங்கிலீஷ், அதோட அஃபிடவிட், மூணும் இந்த வரிசைல ஒரே பைல். அப்பாவோட செல்போன்ல மேசை விரிப்புல வெச்சு எடுத்த போட்டோ வேண்டாம், பட்டாவோட க்யூஆர் கோடு தெளிவா விழற மாதிரி ஸ்கேன்.

உங்க அக்கா லண்டன்ல இருக்காங்க, அங்கயும் அப்புறம் போவாங்கன்னு சொன்னதால ஒரு வார்த்தை. பிரிட்டனுக்கு அஃபிடவிட் கட்டாயம் இல்ல, மொழிபெயர்ப்பு சரியானதுன்னு மொழிபெயர்ப்பாளர் எழுதின உறுதி, தேதி, முழுப் பேரு, கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்கணும், அவங்க நினைச்சா போன் போட்டு விசாரிக்க முடியணும். இப்ப கனடாவுக்குப் பண்ற பேப்பர்ல இது எல்லாமே இருக்கும்ங்கறதால ஏமாத்தம் வராது, பட்டாவ மட்டும் அப்ப புதுசா எடுங்க. ஆஸ்திரேலியான்னா, அந்த நாட்டுக்குள்ள பண்ற மொழிபெயர்ப்புக்கு நாட்டி (NAATI) ங்கிற அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர் அமைப்போட அங்கீகாரம் வேணும், வெளிய பண்ணினா மொழிபெயர்ப்பாளர் தன்னோட பேரு, முகவரி, போன், தகுதி அனுபவம் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தா போதும். அமெரிக்கா விசிட்டர் விசா வேற கதை, அங்க தூதரக ஜன்னல்ல ஆபீசரோட நடக்கிற பேச்சுதான் தீர்மானம், பட்டா மொழிபெயர்ப்ப யாரும் கேட்காமலே போகலாம், மொத்தமா மொழிபெயர்த்துட்டுப் போய் உக்கார வேண்டாம்.

செலவு, நேரம். பக்கத்துக்கு சில நூறு ரூபா, நோட்டரிக்கும் ஸ்டாம்ப் பேப்பருக்கும் தனி, அஞ்சாறு பக்கம்னா ரெண்டு மூணு நாள் வேலை. ஒரே நாள்ல கொடுக்கிறேன்னு சொல்றவரு பழைய ஃபைல்ல பேர மட்டும் மாத்திட்டு இருக்கலாம், முந்தின ஆளோட கிராமப் பேரு அப்படியே இருக்கிற பட்டா மொழிபெயர்ப்ப நான் பார்த்திருக்கேன்.

நோட்டரிகிட்ட போறதுக்கு முன்னாடி வரைவ வாட்சப்ல வாங்கிடுங்க. நீங்க மொழிபெயர்க்கத்தான் கூடாது, சரிபார்க்கத் தடை இல்ல. நீங்க ஸ்பெல்லிங்கயும் பாஸ்போர்ட் எண்ணயும் பாருங்க. அப்புறம் அப்பாவுக்கு ஒரு வீடியோ கால் போட்டு, இங்கிலீஷ்ல இருக்கிற புல எண்ணையும் பரப்பையும் வரிசையா தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. அவரு பட்டாவ கையில எடுக்கக் கூட மாட்டாரு, "212-ல 3பி யா, இல்லடா அது சித்தப்பாவுது, நம்மது 3ஏ"ன்னு அங்கேர்ந்தே பிடிச்சுடுவாரு.